உறைபனிச் செய்தியில் எங்கள் வீடுகளும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் பத்திரிகையில் உதகைக்குப் பக்கத்தில் இருக்கும் தலைக்குந்தா புல்வெளியின் படம் பெரிதாக வந்திருந்தது. வெள்ளையாகிப் போன புல், அதை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டும் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் பைன் மரங்கள். நல்ல படம். கீழே இருந்த செய்தியில் வெப்பநிலை எவ்வளவு, சுற்றுலாப் பயணிகள் எப்படி மகிழ்ந்தார்கள், விடியற்காலையில் எங்கே போய் நின்றால் பனியைப் பார்க்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தப் புல்வெளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடுகள் இருக்கின்றன. அன்று காலை அந்த வீடுகளில் அடுப்பு எப்படிப் பற்றியது, கைக்குழந்தைக்கு எப்போது தண்ணீர் ஊற்றினார்கள், தோட்டத்து வேலைக்குக் கிளம்பிய பெண் எதைப் போர்த்திக்கொண்டு போனாள் என்று ஒரு வரிகூட இல்லை. வருடா வருடம் இப்படித்தான் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்தது காரமடையில். கல்யாணமாகி உதகை காந்தலுக்கு வந்தேன். அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் மலையேறினால் 2,240 மீட்டர் உயரத்தில் எங்கள் ஊர். கீழே மின்விசிறி ஓடுகிற அதே நேரத்தில் மேலே கம்பளி வேண்டும். சமவெளியில் பிறந்த பெண்ணுக்கு இந்த ஊரில் குடும்பம் நடத்துவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமியார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் நான்கு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், ஐந்து மணிக்குச் சாத்தினால் குளிரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும் என்பார். குழந்தைக்குக் குளியல் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான். இட்லி மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையின் சூடான மூலையில் வைக்க வேண்டும், அப்படியும் சில நாள் பொங்காது. தயிருக்கு உறை ஊற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகிவிடும், தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாயை நேரே தரையில் போடக் கூடாது, அடியில் இரண்டு சாக்கு விரித்து அதன் மேல்தான் போட வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வருடம் முழுக்க ஒரே குளிர் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜூன் பிறந்ததும் தென்மேற்குக் காற்று. அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது பலருக்கும் நினைவிருக்கும். உதகைக்குள் அந்த மாதங்களில் சாரலும் காற்றும்தான் அதிகம். அந்தச் சாரல் வீட்டுக்குள் செய்கிற வேலை கொஞ்சமல்ல. துவைத்த துணி நாலு நாளானாலும் ஈரமாகவே தொங்கும், உப்பு நீர்த்துப் போகும், தீக்குச்சி நமத்துப் போகும், பீரோவில் இருக்கிற பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். குழந்தைகளின் ஸ்வெட்டரை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காய வைப்போம். அங்கன்வாடியில் என் பிள்ளைகள் எல்லோர் மேலும் புகை வாசனை அடிக்கும். அப்புறம் செப்டம்பரில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாதிப்பு குன்னூர், கோத்தகிரி பக்கம் திரும்பும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயில் நிற்கும், அன்று உங்கள் பத்திரிகையும் மத்தியானம்தான் வந்து சேரும்.

அந்த மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட பிறகுதான் பனி. முதலில் நீர்ப்பனி, அதன் பிறகு உறைபனி. வானிலைச் செய்தியில் நீங்கள் போடும் எண்ணைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், காற்று புகும் மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி, 4 டிகிரி என்று காட்டும் இரவிலேயே புல்மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவது போல அதுவும் மலைச்சரிவில் இறங்கி வந்து தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். அதனால்தான் எல்க்ஹில் மேட்டில் இருப்பவர் ஸ்வெட்டரோடு சமாளிக்கிற அதே இரவில் காந்தல், ரேஸ்கோர்ஸ், தலைக்குந்தா, மூடிக்கிடக்கும் ஃபிலிம் தொழிற்சாலைப் பக்கமெல்லாம் வெள்ளை விரிகிறது. மலைப்பகுதியில் குளிர் அலை என்று சொல்ல வெப்பமானியே பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. இங்கே பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். ஆக, வாளித் தண்ணீரின் மேல் ஏடு கட்டிக் கிடக்கும் காலையிலும் எங்களுக்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை. மக்கள் படுத்துத் தூங்குவது தரையில். உங்கள் நிருபர் புல்மட்டக் குளிரையும் கேட்டு வாங்கி, எந்தெந்தத் தாழ்வான பகுதி என்று பெயர் போட்டு எழுதினால் தாய்மார்களுக்கும் உதவும், தோட்டக்காரர்களுக்கும் உதவும்.

தோட்டக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாடு. கேத்தி பாலாடாவில் கேரட், பீட்ரூட் போட்டவர்கள் சூரியன் ஏறுவதற்கு முன்னாலேயே ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டுப் பனியைக் கழுவுகிறார்கள். இலைக்குள் நீர் உறைந்து கிடக்கும்போது வெயில் சட்டென்று பட்டால் இலை கருகிவிடும். தேயிலையும் அப்படித்தான். இரண்டு மூன்று நாள் விடாமல் உறைபனி விழுந்தால் பச்சையாக இருந்த சரிவு துருப்பிடித்த நிறத்துக்கு மாறும். பச்சைத் தேயிலை இல்லையென்றால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நாள்கூலி இல்லை. கூலி இல்லாத அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு விறகும் கம்பளியும் மருந்தும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. இதை யாராவது ஒருமுறை விரிவாக எழுத வேண்டும் என்று நீண்டகாலமாக எதிர்பார்க்கிறேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கரி அடுப்பு.

குளிர் தாங்காமல் அறைக்குள் கரி மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்து, காலையில் எழுந்திருக்காமல் போனவர்களின் செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பலமுறை வந்திருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது ஒரு ஜனவரி காலையில் ஒரு பெண் தன் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை துவண்டு கிடந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது. சளிக் காய்ச்சலாக இருக்கும் டீச்சர், எனக்கும் தலை வெடிக்கிறது, அவருக்கும் அப்படித்தான், நைட்டு சாப்பிட்டது யாருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா என்று எனக்கு உறைத்தது. ராத்திரி என்ன மூட்டினீர்கள் என்று கேட்டேன். பழைய பெயிண்ட் டப்பாவில் கரி போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கதவு இடுக்கில் துணியும் செருகியிருக்கிறார்கள். ஆட்டோ பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது பெரியவனாகி டிரைவர் வேலை பார்க்கிறான், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவான்.

கரி முழுசாக எரியாமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை இல்லையே, கனல்தானே என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பழைய வீடுகளில் கணப்புக்கு மேலே சிம்னி இருந்தது, ஓட்டு இடுக்கிலும் காற்று வந்து போனது. இன்றைய கான்கிரீட் அறையில், அலுமினிய ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டால் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. வெளியூரிலிருந்து வந்து காட்டேஜ் எடுத்துத் தங்குபவர்கள் வெளியே கேம்ப்ஃபயர் முடிந்ததும் மீதிக் கனலை அறைக்குள் எடுத்துப் போகிறார்கள். சுடச்சுடக் கோழி வாட்டிய அடுப்பையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். எங்கே நின்று பனியைப் பார்க்கலாம் என்று எழுதுகிற அதே செய்தியில், அறைக்குள் கரி மூட்டாதீர்கள் என்று இரண்டு வரி தடித்த எழுத்தில் போட்டால் போதும். இறந்த பிறகு செய்தி போடுகிறோம், இருக்கும்போது போடுவதற்கு என்ன தடை?

கரி மூட்டாதே என்று சொல்வது சுலபம், வேறு எதை மூட்டுவது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். விறகு முன்பு கிடைத்தது போல் இல்லை. வாட்டில் என்கிற சீகையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் ஆங்கிலேயர் காலத்தில் விறகுத் தேவைக்காகக் கொண்டுவந்து நட்டவை. சோலைக்காட்டையும் புல்வெளியையும் அவை தின்றுவிட்டன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவற்றை அகற்றுவதும் சரிதான். ஆனால் காட்டோரம் சுள்ளி பொறுக்கி வாழ்ந்த வீட்டுக்கு அந்த இடத்தில் என்ன தரப்போகிறோம்? கேஸ் இருக்கிறதே என்பார்கள். சிலிண்டருக்குள் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாக மறுக்கும். காலையில் சிலிண்டர் கனமாக இருக்கிறது, அடுப்போ மினுக்கென்று எரிகிறது. தீர்ந்துவிட்டதோ என்று சிலர் சிலிண்டரைக் கொதிநீரில் நிறுத்துகிறார்கள், அது பெரிய ஆபத்து. கதவோரம், சமையல்மேடைக்கு வெளியே என்று குளிரில் வைக்காமல் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹீட்டருக்கு வருவோம். 1,000 வாட் ஹீட்டர் ஒரு நாள் ராத்திரி நான்கு மணி நேரம் ஓடினால் 4 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் இருபத்தைந்து நாளில் அதற்கே போய்விடும். விளக்கு, மிக்ஸி, டிவி எல்லாம் அதற்கு மேல். சென்னையில் மின்விசிறி இல்லாமல் மே மாதம் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். காந்தலில் ஜனவரிக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் குளிர்மாதங்களில் இலவச யூனிட்டைக் கூட்டிக் கொடுக்கலாமா என்று உங்கள் பத்திரிகை ஒரு விவாதத்தைத் தொடங்கி வைக்க வேண்டும்.

வீடு கட்டுவதிலும் இதே கதைதான். தூத்துக்குடிக்கும் தலைக்குந்தாவுக்கும் ஒரே வரைபடத்தில் அரசுத் திட்ட வீடு வருகிறது. மொட்டைக் கான்கிரீட் கூரை, ஒற்றைச் செங்கல் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. வெயிலூரில் டைல்ஸ் குளுகுளு என்று இருப்பது சுகம். இங்கே அதில் ஒரு வயதுக் குழந்தையைத் தவழ விட முடியாது. எங்கள் மலையில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோடர்களின் பழைய வீட்டைப் பாருங்கள். வளைந்து தரைவரை இறங்கும் கூரை, தவழ்ந்துதான் நுழைய முடிகிற சின்ன வாசல். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் சேர்ந்து வரிசையாக இருக்கும், ஒரு வீட்டின் சூடு அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும். எங்கள் வீட்டிலேயே தகரக் கூரைக்குக் கீழே மரப்பலகையால் உள்கூரை அடித்திருந்தார் என் மாமனார். அதைப் பிரித்துக் கான்கிரீட் போட்ட வருடத்திலிருந்து அத்தைக்கு மூட்டுவலி கூடியது. மார்கழி தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, தெற்கு ஜன்னலைப் பெரிதாக வைத்தால் பகல் வெயில் தரைவரை விழும். இவ்வளவு எளிய விஷயத்தைக்கூட வரைபடம் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

அங்கன்வாடிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒன்றிரண்டு மட்டும். பனிக்காலத்தில் ஒன்பதரை மணிக்கு முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவர மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. உட்காருவதற்குத் தடிமனான கயிற்றுப் பாய் வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்தால் கைகழுவ வெந்நீர் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கையே கழுவாது. கன்னம் வெடித்து ரத்தம் கசியும் பிள்ளைகளுக்கு வேசலின் நான் என் கைக்காசில் வாங்கி வைத்திருந்தேன். இன்றைக்கும் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சுக்கும் வெல்லமும் போட்டுச் சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சூடாகக் கொடுத்தால் ஒரு பிள்ளையும் மீதி வைக்காது.

இந்தக் காலக்கணக்கும் முன்பு போல் இல்லை. நான் வந்த புதிதில் தீபாவளி முடிந்த கையோடு நீர்ப்பனி தொடங்கிவிடும், அந்தக் கணக்கில் விறகை மழைக்கு முன்பே அடுக்கி வைப்போம், பூண்டு போடுகிறவர்கள் அதற்கேற்பப் போடுவார்கள். இப்போது டிசம்பர் பாதிவரை மேகமும் தூறலுமாக இழுக்கிறது, மேகம் இருக்கிற இரவில் உறைபனி விழாது. சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டித்தான் தொடங்குகிறது. தாமதமாக வந்தாலும் குறைந்து போவதாகச் சொல்ல மாட்டேன். வந்தால் சேர்த்து வைத்துத் தாக்குகிறது. பனியில் கருகிய புல் பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து கிடக்க, ஒரு பீடி நெருப்பு போதும், மலையே எரியும். அது முடிந்தால் கோடை. 2024 ஏப்ரல் கடைசியில் உதகையில் 29 டிகிரி பதிவானது. எங்கள் தெருக்கடையில் மின்விசிறி விற்பதை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். அந்த ஆண்டு மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. கோடையில் பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் எங்களுக்கு அதில் ஓரளவு ஆறுதல்.

வருகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களால் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. உறைபனி அழகானது என்பதையும் மறுக்க மாட்டேன். டிசம்பர் கடைசியில் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திய கூட்டம் பேரகணிக்கு நடந்து போகிற காலையில், ரோட்டோரப் புல்லும் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்த அழகைப் பற்றி எழுதுங்கள். கூடவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்துக்கு அரைப் பத்தி எங்களுக்காக ஒதுக்குங்கள். கொழுந்து பறிப்பவர்கள், அங்கன்வாடிப் பெண்கள், காய்கறி வண்டி ஓட்டுபவர்கள், கிராமச் செவிலியர்கள் என்று சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள், உங்கள் நிருபர் வந்து கேட்டால் போதும். எழுதத் தயங்குகிறவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன்.

அதில் முதல் வாரம் கரி அடுப்பு எச்சரிக்கை வரட்டும். அதை வெள்ளிக்கிழமை இதழில் போடுங்கள். சனி, ஞாயிறுகளில்தான் இங்கே அறைகள் நிறைகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
காந்தல், உதகமண்டலம்